கெர்னல் மாற்றமும் இயக்கிக் கூறுகளும்

கணினியின் உறுப்புக்களை ஆளும் நடுநிரலைக் கெர்னல் என்பர். வட்டு, திரை முதலியவற்றை அதனோடு இணைப்பன இயக்கிக் கூறுகள். 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலைக் கொண்டு இவற்றிடையே உள்ள உறவினை ஈண்டு ஆராய்வாம்.

லினக்ஸ் தன் புறத்தே இயங்கும் பயன்பாட்டு நிரல்களுக்குக் காட்டும் முகம் பெரிதும் மாறாதது. அகத்தே இயக்கிகளுக்குக் காட்டும் முகமோ பதிப்புத்தோறும் மாறவல்லது. நிலைமொழியின் ஈறு வேறாயின் புணர்ச்சியும் வேறாதல் போல்வது இது. ஆதலின் ஒரு பதிப்பிற்கெனத் தொகுத்த கூறு மற்றொன்றிற்குப் பொருந்தும் என்னும் உறுதி இல்லை. எப்பதிப்பிற்கு உரியது என்னும் குறி கூற்றினுள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும். அது ஒவ்வாவிடின் கெர்னல் அதனை ஏலாது.

கெர்னலின் மூலத்தொகுதியுள் அடங்கிய இயக்கிகள் அதனுடனேயே புதுக்கப்பெறும். இடர்ப்பாடு புறத்தே எழுதப்பெற்றவற்றிற்கே உரித்து. மூலவட்டின் இயக்கி அத்தகையதாய்ப் புதுக்கப்படாது நிற்பின், கணினி தொடங்குதலே அரிதாம்.

இதற்குத் தீர்வாக டெல் நிறுவனத்தார் 2003இல் ஆக்கிய டி.கே.எம்.எஸ். என்னும் கருவி, புதிய கெர்னல் நிறுவப்படுந்தோறும் இயக்கியை அதன் மூலநிரலினின்றும் மீளத் தொகுக்கும். அதற்கு அக்கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புக்கள் இன்றியமையாதன.

எனினும் மீளத் தொகுத்தல் வேறு, திருத்துதல் வேறு. இயக்கி அழைக்கும் செயற்கூறே நீக்கப்பட்டதாயின் தொகுப்புத் தவறும். மூலநிரலை ஒருவர் திருத்தியே ஆதல் வேண்டும். கூறுகள் பதிப்புவாரியாகத் தனித்தனி அடைவுகளில் வைக்கப்படுதலின், பழைய கெர்னலை நீக்காது வைத்தோர் அதற்கு மீளலாம். புதியது இயங்குதல் தெளிந்த பின்னரே பழையதைக் களைதல் தக்கது.