தரவுத்தளம் நின்றுவிடாதிருக்க

பதிவேடுகள் காகிதத்தில் இருந்த நாட்களில், கறையானுக்கும் வெள்ளத்திற்கும் அஞ்சி, முக்கியமானவற்றிற்கு இரண்டாம் படி எழுதி வேறோர் ஊரில் வைப்பது வழக்கம். இன்று மண் பரிசோதனை முடிவும் மாணவர் வருகையும் எங்கோ தொலைவிலுள்ள தரவுத்தளத்தில் பதிவாகின்றன. படி எத்தனை, அவற்றை எங்கே வைப்பது என்ற பழைய கேள்வி மட்டும் மாறவில்லை.

ஒரே தரவுத்தளத்தைப் பல சர்வர்கள் சேர்ந்து தாங்கும் ஏற்பாட்டிற்குக் கிளஸ்டர் என்று பெயர். அவற்றுள் ஒன்று தலைமை ஏற்றுப் புதிய பதிவுகளைப் பெறும்; மற்றவை அதைப் பார்த்துப் படியெடுக்கும். தலைமை பழுதுற்றால் வேறொன்று அதன் இடத்தை ஏற்கும்.

இதற்கு இரண்டு சர்வர்கள் போதுமெனத் தோன்றும், போதா. இரண்டிற்கும் இடையேயுள்ள கம்பி அறுந்தால், மற்றது செத்துவிட்டதா, வழிதான் அடைபட்டதா என்பதை எதுவும் அறிய இயலாது. இரண்டும் தாமே தலைமை என்று கருதிப் பதிவுகளை ஏற்கத் தொடங்கினால், பின்னர் அவற்றை ஒன்றுசேர்ப்பது பெருந்துன்பம். மூன்று இருப்பின், ஒன்றையொன்று காணக்கூடிய இரண்டு சேர்ந்து பெரும்பான்மையாகிப் பணியைத் தொடரும். தனித்து நின்றது வாளாவிருக்கும். நான்காவது ஒன்றைச் சேர்ப்பதால் இவ்வகையில் ஆதாயமில்லை. மூன்றைப் போலவே நான்கும் ஒன்றன் இழப்பையே தாங்கும். ஐந்து இரண்டின் இழப்பைத் தாங்கும். பணம் குறைவாயின், மூன்றாவது சர்வர் தரவு எதையும் வைத்திராமல் வாக்களிக்க மட்டும் இருக்கலாம்.

இம்மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒரு தீவிபத்தில் யாவும் போகும். ஆதலின் வேறு நகரில், கூடுமானால் வேறு நில அதிர்ச்சி மண்டலத்தில், மாற்று நிலையம் தேவை. தேசிய தகவலியல் மையத்தின் தரவு நிலையங்கள் டில்லி, பூனா, ஐதராபாத், புவனேசுவரம் முதலிய நகரங்களில் அமைந்துள்ளன. ஆயினும் தொலைவுக்கு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். 1,000 கிலோமீட்டர் சென்று மீள, மிகக் குறைந்தது வினாடியில் நூற்றில் ஒரு பங்கு ஆகும். ஒவ்வொரு பதிவும் அவ்வளவு நேரம் காத்து நின்றால் வேலை தேங்கும். காத்திராமல் பின்னர் அனுப்பினாலோ, விபத்து நேர்கையில் இன்னும் அனுப்பாத கடைசிப் பதிவுகள் அழியும். எவ்வளவு இழக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பவற்றை முதலில் முடிவு செய்தபின் சர்வர் வாங்குவதே முறை. வருகைப் பதிவு ஒரு நிமிடத்து அளவு போயின் ஆசிரியர் மறுபடி எழுதிவிடுவார். வங்கிக் கணக்கில் அவ்வாறு சொல்ல இயலாது.

மாற்று நிலையம் இருந்தும் அதற்கு மாறாமல் போவதுண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40-க்கு நின்ற வணிகம் மாலை 3.45-க்கே மீண்டும் தொடங்கியது. இடையில் மாற்று நிலையத்திற்கு மாறவில்லை. அடுத்த மாதமே பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியம், தடை நேர்ந்த 30 நிமிடத்திற்குள் அதனைப் பேரிடரென அறிவித்தாக வேண்டும் என்று விதித்தது.

இதற்கு நேர்மாறான விபத்து அமெரிக்காவில் நேர்ந்தது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தின் கீழைக்கரை இணைப்பு 43 வினாடிகள் மட்டும் அறுந்தது. தானியங்கி ஏற்பாடு உடனே மேலைக்கரையைத் தலைமையாக்கிவிட்டது. கீழைக்கரையில் எழுதப்பெற்றுப் படியெடுக்கப்படாத சில வினாடிப் பதிவுகள் அங்கே தங்கின. மேலைக்கரையிலோ புதியவை சேர்ந்துகொண்டிருந்தன. சேவை முற்றும் சீராக 24 மணி 11 நிமிடம் பிடித்தது. தொலைதூர மாற்றத்தைப் பொறியிடம் முழுதும் விட்டுவிடாமல் மனிதரின் ஒப்புதலுக்கு வைப்பதே பல இடங்களில் நல்லது. ஆனால் ஒப்புதல் தரவேண்டியவர் யார் என்பது முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இத்தனையும் இருந்தும், ஒருவர் தவறுதலாக ஓர் அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பும் விசுவாசமாக எல்லாப் படிகளுக்கும் போய்ச் சேரும். எனவே தனியே எடுத்து வைக்கும் காப்புப் படி வேறு வேண்டும். அதனை மீட்டுப் பார்த்தும் வரவேண்டும். 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பணியாளர் தலைமை சர்வரின் தரவையே தவறாக அழித்தார். காப்பு முறைகள் பல இருந்தும் உரிய வேளையில் கைகொடுக்கவில்லை. சுமார் ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு படியே உதவிற்று. அன்றாடக் காப்புப் பணி அதற்கு முன்பிருந்தே தோல்வியுற்று வந்தது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்கள் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டதால் எவரும் அதனை அறியவில்லை.