கால அளவு மாறினால் கணக்கும் மாறும்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாழ் வாடிக்கையாளர் பலர் பங்குச்சந்தை மென்பொருளில் 20 நாள் திட்ட விலக்கத்தைக் காண்கின்றனர். 2024 ஜூன் 4 அன்று சென்செக்ஸ் 5.74 விழுக்காடு வீழ்ந்தது. அந்நாளையும் சேர்த்து எண்ணின், 21ஆம் வணிக நாளில் அவ்வீழ்ச்சி கணக்கினின்று நீங்கும்; சந்தையில் புதிதாக ஏதும் நிகழாவிடினும் விலக்கம் சட்டெனக் குறையும். அதனை அமைதியெனக் கருதிக் கடன்பெற்றுப் பங்கு வாங்குவது ஆபத்து.

மாற்றாக, வீழ்ச்சி நாள்முதல் இன்றுவரை நீளும் காலத்தைக் கொள்ளலாம்; அப்போது அதன் தாக்கம் படிப்படியாகவே தேயும். தினசரி மாற்றங்களின் வர்க்கச் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் காண்க. நாள் கூடும்தோறும் இரு சராசரிகளையும் அதே காலத்திற்குப் புதிதாகக் கணித்தல் வேண்டும். தொடக்கச் சில நாள்களின் விடையை நம்பற்க. இரு கணக்குகளையும் ஒப்பிட்ட பின்னரே சேமிப்பைப் பங்கில் இடுமாறு நாம் பரிந்துரைக்கிறோம்.