64,000 டாலர் பெண்மணி

குத்துச்சண்டையைப் பற்றி நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன தெரியும்? இரண்டு ஆண்பிள்ளைகள் கையில் உறை மாட்டிக் கொண்டு மூக்கும் முகமும் வீங்கும் வரை அடித்துக் கொள்கிறார்கள். அதை ஆயிரக் கணக்கான பேர் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். அவ்வளவுதானே? 1955-ஆம் வருஷத்தில் அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோருக்கும் இதற்கு மேல் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் அந்த வருஷம் டிசம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நியூயார்க் நகரத்து டெலிவிஷன் மேடையில் கண்ணாடிக் கூண்டு ஒன்றுக்குள் நின்று கொண்டு, குத்துச்சண்டை பற்றிய கடைசிக் கேள்விக்கும் பிசகாமல் விடை சொல்லி, 64,000 டாலர் பரிசைத் தட்டிக் கொண்டு போனவர் ஒரு பெண்! வயது 28. ஒடிசலான தேகம், பொன்னிறக் கூந்தல். மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். வீட்டிலே சின்னக் குழந்தை. பெயர் ஜாய்ஸ் பிரதர்ஸ். ('பிரதர்ஸ்' என்பது கணவர் வீட்டுக் குடும்பப் பெயர். அண்ணன் தம்பிமார் யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை!)

அந்த நிகழ்ச்சியில் உச்சப் பரிசை வென்ற இரண்டாவது ஆள் அவர். பெண்களில் அவரே முதல்வர். அவர் எப்படி ஜயித்தார் என்பதை விட, அவர் தோற்க வேண்டுமென்று யார் விரும்பினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் ருசியான பகுதி. அதற்கு முன்னால் வீட்டு நிலவரத்தைக் கொஞ்சம் பார்த்து விடுவோம்.

மாதம் ஐம்பது டாலர்

ஜாய்ஸின் தாய், தந்தை இருவருமே வக்கீல்கள். ஆகவே பெண்ணைப் படிக்க வைப்பதா, வேண்டாமா என்ற தர்க்கமே அந்த வீட்டில் எழவில்லை. கார்னெல் சர்வகலாசாலையில் மனையியலும் மனோதத்துவமும் படித்து 1947-ல் பட்டம் பெற்றார். 1949-ல் மில்டன் பிரதர்ஸ் என்ற வைத்திய மாணவரை மணந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பை விடவில்லை. 1953-ல் கொலம்பியா சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் உத்தியோகமும் இருந்தது.

பிறகு குழந்தை பிறந்தது. பச்சைக் குழந்தையைப் பிறர் கையில் ஒப்படைத்து விட்டு வேலைக்குப் போக ஜாய்ஸுக்கு மனம் ஒப்பவில்லை. உத்தியோகத்தை விட்டார். கணவரோ ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். மாதச் சம்பளம் 50 டாலர். நியூயார்க் போன்ற பட்டணத்தில் அதை வைத்துக் கொண்டு வாடகையும் பாலும் ரொட்டியும் எப்படி நடக்கும்? படித்த பட்டங்கள் சுவரிலே தொங்கலாம். அடுப்பு எரிய வேண்டுமே!

அந்தச் சமயத்தில்தான் ஊரெல்லாம் ஒரே பேச்சாக ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி கிளம்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமைப் பைத்தியம்

'64,000 டாலர் கேள்வி' என்பது அதன் பெயர். 1955 ஜூன் மாதம் ஆரம்பமாயிற்று. போட்டிக்கு வருகிறவர் தமக்குத் தெரிந்த ஒரு துறையைச் சொல்ல வேண்டும். கேள்விகள் அதிலிருந்தே வரும். ஒவ்வொரு சரியான விடைக்கும் பரிசு இரட்டிக்கும். பெரிய தொகைகளுக்கு வந்து விட்டால் வாரத்துக்கு ஒரு படிதான். 8,000, 16,000, 32,000 என்று ஏறி, உச்சியில் 64,000. எந்தப் படியிலும், "போதும்" என்று சொல்லிப் பணத்தோடு வீட்டுக்குப் போகலாம். மேலே ஏறத் துணிந்து பெரிய கேள்வியில் தவறி விட்டாலோ, வென்ற பணமெல்லாம் போய், ஆறுதலுக்கு ஒரு காடில்லாக் கார் மட்டும் மிஞ்சும். (ஆறுதல் பரிசே கார்தான்; அமெரிக்கா அல்லவா!)

கேள்விகள் பாங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்பட்டுக் காவலர் துணையுடன் மேடைக்கு வரும். போட்டியாளர் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைபட்டு நிற்பார். வெளியே இருந்து யாரும் விடையைக் கத்திச் சொல்லி விடக் கூடாது என்பதற்காகவாம். இவ்வளவு ஜாக்கிரதை! இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஜாய்ஸ் இந்த நிகழ்ச்சியை ஒரு மனோதத்துவ நிபுணரின் கண்ணோடு பார்த்தார். இதில் பிரசித்தி பெறுகிறவர்கள் யார் யார்? இசை நாடகங்களைக் கரைத்துக் குடித்த செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஷேக்ஸ்பியரில் கரை கண்ட போலீஸ்காரர். சமையற் கலையில் நிபுணரான மரைன் படைக் காப்டன். முதன் முதலில் 64,000 டாலரை வென்றவர் இந்தக் காப்டன்தான். ஆளுக்கும் அறிவுக்கும் சற்றும் பொருந்தாமல் இருக்க வேண்டும். அதுதான் ஜனங்களுக்குப் பிடிக்கிறது! மனோதத்துவம் படித்த பெண் மனோதத்துவத்தில் விடை சொன்னால் யார் வாயைப் பிளப்பார்கள்? மனையியலில் சொன்னால் கேட்கவே வேண்டாம். குடும்பப் பெண்ணுக்கு அது தெரியாமலா இருக்கும் என்று தள்ளி விடுவார்கள்.

ஆகவே ஜாய்ஸ் தேர்ந்தெடுத்தது குத்துச்சண்டை. அதில் அவர் பண்டிதையாகத் திரிந்தவரா? இல்லை. இனிமேல்தான் படிக்க வேண்டும்!

இருபது தொகுதிகள்

குத்துச்சண்டைக் கலைக்களஞ்சியத்தின் 20 தொகுதிகளையும் அவர் நெட்டுருப் போட்டார் என்று சொல்வார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் வாரம் 'முக்கியமான கேள்வி' என்று பென்சிலால் கோடு போட்டுக் கொண்டு படிப்பது வழக்கம். அந்த வித்தை இங்கே பலிக்காது. எது முக்கியம் என்று கேள்வி கேட்கிறவன் அல்லவா தீர்மானிக்கிறான்?

அந்தச் சாஸ்திரத்தின் விஸ்தீரணம் நமக்குத் தெரியாது. பழைய ரோமாபுரியில் மல்லர்கள் கையில் சுற்றிக் கொண்ட, 'செஸ்டஸ்' என்னும் தோற்பட்டையில் அது தொடங்குகிறது. கையுறை இல்லாமல் வெறும் முஷ்டியால் அடித்துக் கொண்ட காலம் ஒன்று உண்டு. 1889-ல் மிஸிஸிப்பி மாகாணத்தில், கொளுத்தும் ஜூலை வெயிலில், ஜான் எல். ஸல்லிவன் என்பவரும் ஜேக் கில்ரெய்ன் என்பவரும் 75 சுற்றுக்கள் சண்டையிட்டார்கள். அன்று நடுவராக நின்றவர் பிற்பாடு நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் மேயர் ஆனார். 1927-ல் சிகாகோவில் ஜீன் டன்னியை டெம்ப்ஸி கீழே வீழ்த்தி விட்டுத் தம் மூலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். அவர் நகர்ந்த பிறகே நடுவர் எண்ணத் தொடங்கினார். அதற்குள் டன்னிக்குச் சில விநாடி மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. எழுந்து நின்று ஆட்டத்தையே ஜயித்து விட்டார்! அந்த நடுவர் எண்ணியது சரியா, தப்பா என்று இன்னும் விவாதம் ஓயவில்லை.

இப்படிச் சண்டையிட்டவர்கள், பார்த்தவர்கள், தேதி, ஊர், எத்தனை சுற்று, எந்தக் குத்தில் விழுந்தார் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் மண்டையில் ஏற்ற வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒரு பக்கம் தொடர்ச்சியாகப் படிப்பதே எவ்வளவு கஷ்டம் என்பது இதைப் படிக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். நான் விளக்க வேண்டியதில்லை.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை

நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது ரெவ்லான் என்ற அழகுச் சாமான் கம்பெனி. உதட்டுச் சாயமும் நகப் பூச்சும் விற்கிற கம்பெனி. நிகழ்ச்சி பிரபலமாக ஆக, கடைகளில் அந்தச் சாமான்கள் பறந்தன. 1955-56 பருவத்தில் அமெரிக்க டெலிவிஷனிலேயே அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி இதுதான். ஆகவே மேடையில் யார் நீடிக்கலாம், யார் போக வேண்டும் என்பதில் கம்பெனி முதலாளி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு ஜாய்ஸைப் பிடிக்கவில்லை. "இவள் போகட்டும்" என்ற குறிப்பு நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு வந்தது.

ஒருவரைத் தோற்கடிப்பது அங்கே கஷ்டமான காரியமல்ல. போட்டியாளர்களோடு முன்கூட்டியே பேசி, எது நன்றாகத் தெரியும், எது அரைகுறை என்று ஆழம் பார்த்து வைத்திருப்பார்கள். வேண்டியவருக்குத் தெரிந்த இடத்தில் கேள்வி விழும். வேண்டாதவருக்குத் தெரியாத இடத்தில் விழும். ஜாய்ஸுக்கு என்று நடத்துகிறவர்கள் தேடிப் பிடித்த இடம், நடுவர்கள்! சண்டையிட்ட வீரர்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். நடுவே நின்று எண்ணியவனை யார் நினைவு வைத்துக் கொள்வார்கள்? கலியாண வீட்டில் மாப்பிள்ளை, பெண் பெயர் தெரியும். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதியவர் பெயரைக் கேட்டால்?

ஜாய்ஸ் சொன்னார். வாரா வாரம் வந்தார். வாரா வாரம் சொன்னார். வேறு வழியில்லாமல் பரிசு ஏறிக் கொண்டே போயிற்று.

32,000 டாலர் வந்தபோது நின்று விடலாமா என்ற கேள்வி வந்தது. மேலே சொன்ன செருப்புத் தொழிலாளி அந்தப் படியில்தான் நின்றார். இத்தாலியில் இருந்த அவருடைய வயோதிகத் தகப்பனார், "போதும், நிறுத்து" என்று தந்தியடித்தார். தகப்பன் சொல்லை மீறாமல் பணத்தோடு இறங்கி விட்டார். விவேகந்தான், அதில் குறை சொல்ல இடமில்லை. ஜாய்ஸ் குடும்பத்தின் நிலையில் 32,000 டாலர் என்பது கணவருடைய ஐம்பது வருஷச் சம்பளத்துக்கும் மேலே. அதைக் கையில் வைத்துக் கொண்டு, முதலாளியே தமக்கு எதிராக இருக்கும் மேடையில், மறுபடியும் அந்தக் கூண்டுக்குள் போய் நிற்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! கீழே வைத்து விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. 64,000-த்தையும் வாங்கிக் கொண்டுதான் இறங்கினார்.

கணக்குப் பார்த்தேன்: மாதம் 50 டாலர் வீதம் அந்தத் தொகையைச் சம்பாதிக்க 106 வருஷமும் எட்டு மாதமும் ஆகும்.

1957-ல், '64,000 டாலர் சவால்' என்ற அதன் தங்கை நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். இந்தத் தடவை எதிரே உட்கார்ந்தவர்கள் முன்னாள் குத்துச்சண்டை வீரர்களே! தாங்கள் குத்து வாங்கிய மேடைகளைப் பற்றித் தங்களுக்குத் தெரியாதது இந்த அம்மாளுக்கு என்ன தெரிந்து விடும் என்று அவர்கள் நினைத்திருந்தால், அது தப்பாகப் போயிற்று. இரண்டு நிகழ்ச்சிகளிலுமாக ஜாய்ஸ் வென்ற தொகை 134,000 டாலர். அதே வருஷம் பாஸிலியோவும் சுகர் ரே ராபின்ஸனும் மோதிய பெரிய பந்தயத்துக்கு அவரை வர்ணனை சொல்லவும் அழைத்தார்கள். குத்துச்சண்டைக்கு ஒரு பெண் வர்ணனை சொன்னது அதுவே முதல் தடவை என்பார்கள்.

குட்டு வெளிப்பட்டது

பாங்கிப் பெட்டகமும் காவலரும் ஞாபகம் இருக்கிறதல்லவா? 1958-ல் அந்தச் சாயமெல்லாம் வெளுத்தது. இதைப் போன்ற இன்னொரு பிரசித்தமான போட்டியில், விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து நடிக்க வைத்தார்கள் என்று தோற்றவரே அம்பலப்படுத்தினார். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை நடத்தியது. கொலம்பியா சர்வகலாசாலை உபாத்தியாயர் சார்லஸ் வான் டோரன், நாடு முழுவதும் அறிவுக் கொழுந்து என்று கொண்டாடிய இளைஞர், 1959 நவம்பரில் தமக்கு விடைகள் தரப்பட்டதை ஒப்புக் கொண்டார். உத்தியோகம் போயிற்று. 1960-ல் இப்படிப் போட்டிகளில் மோசடி செய்வதே குற்றம் என்று சட்டம் வந்தது.

மடமடவென்று பல பேருடைய கீர்த்தி சரிந்த அந்த நாளில் ஜாய்ஸ் பிரதர்ஸையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். ஆனால் அவருக்கு விடை சொல்லிக் கொடுத்ததாக ஒரு தடயமும் இல்லை. அகப்பட்டதெல்லாம் எதிரிடையான சமாசாரந்தான்: அவரைக் கவிழ்க்கக் கேள்வி தேடியிருக்கிறார்கள், அவர் கவிழவில்லை! முதலாளியின் வெறுப்பே அவருக்கு நற்சாட்சிப் பத்திரமாக முடிந்தது.

தபால் மூட்டை

1958-ல் நியூயார்க்கில் பகல் நேர டெலிவிஷனில் ஜாய்ஸுக்கு ஒரு நிகழ்ச்சி கொடுத்தார்கள். தாம்பத்தியம், குழந்தை வளர்ப்பு, மாமியார் தொல்லை, பிறரிடம் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படும் விஷயங்கள் எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொன்னார். கடிதங்கள் வந்து குவிந்தன. பத்திரிகைகளில் பத்தி எழுதினார். 300-க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அது வெளிவந்த காலமும் உண்டு. 'குட் ஹவுஸ்கீப்பிங்' என்ற மாதப் பத்திரிகையில் ஏறக்குறைய நாற்பது வருஷம் எழுதினார்.

சக மனோதத்துவ நிபுணர்களில் சிலருக்கு இது ஆகவில்லை. ஆளை நேரில் பாராமல், கடிதத்தையும் டெலிபோனையும் வைத்துக் கொண்டு யோசனை சொல்வது தொழில் தர்மமா என்று கேட்டார்கள். சங்கத்திலிருந்தே அவரை விலக்கப் பார்த்தார்கள். அவர்கள் கேள்வியை லேசில் தள்ளி விட முடியாது என்பதே என் எண்ணம். முகம் தெரியாதவளின் பாதிக் கதைக்கு முழு வைத்தியம் எப்படிச் சொல்வது? ஆனால் அந்தக் காலத்தில் மனோதத்துவ டாக்டரிடம் போய் உட்காரப் பணமோ துணிவோ இல்லாத குடும்பப் பெண்களுக்கு, ஒரு தபால் தலைச் செலவில், படித்த ஒருத்தி காது கொடுத்தாளே, அது சின்ன விஷயமா?

1989-ல் கணவர் காலமானார். நாற்பது வருஷ இல்லறம். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்னவருக்குத் தம் துக்கத்தில் அந்த ஆறுதல் எதுவும் உதவவில்லை. உயிரை விட்டு விடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போனதை ஒளிக்காமல், கணவனை இழந்தவர்களுக்காக 1990-ல் ஒரு புத்தகம் எழுதினார். தனியாகச் சாப்பிட உட்காருவது முதல், வீட்டுக் கணக்கு வழக்குப் பார்ப்பது வரை அதில் பேசினார்.

2013 மே மாதம் 13-ந் தேதி, நியூஜெர்ஸியில் தம்முடைய 85-வது வயதில் டாக்டர் ஜாய்ஸ் பிரதர்ஸ் காலமானார். ஐம்பது வருஷத்துக்கு மேல் மனோதத்துவ ஆலோசனை சொன்னவர்தான். ஆனாலும் மறுநாள் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போது, குத்துச்சண்டையை மறக்காமல் எழுதின.