எரிக் ஓசரின் கேலிச்சித்திரங்கள்: சொல்லற்ற நகையும் ஆட்சியின் ஒடுக்குமுறையும்

முன்னுரை

செருமானியக் கேலிச்சித்திர ஓவியர் எரிக் ஓசர் (1903–1944) நாசிகளை எதிர்த்து வரைந்தவர். பின்னர் அவர்களது இதழுக்கும் வரைந்தவர். இறுதியில் அவ்வாட்சியாலேயே உயிரிழந்தவர். இம்மூன்று நிலைகளையும் ஒருசேர வைத்தே அவருடைய படைப்புகளை மதிப்பிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாழ்வும் தொடக்கக்காலப் பணியும்

சாக்சனியில் பிறந்து பிளாவன் நகரில் வளர்ந்த ஓசர், லைப்சிக் கலைக்கழகத்தில் பயின்றார். எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர், இதழாசிரியர் எரிக் கினாஃப் ஆகியோர் அவருடைய நெருங்கிய நண்பர்கள். 1928இல் வெளிவந்த கெஸ்ட்னரின் முதல் கவிதைத் தொகுப்பிற்கு ஓசரே படம் வரைந்தார். சமூக சனநாயகக் கட்சியின் ‘ஃபோர்வெர்ட்ஸ்’ நாளிதழில் இட்லரையும் கொயபெல்சையும் எள்ளி நகையாடினார். இதன் விளைவாக, நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் அவருக்குத் தொழில் செய்யும் உரிமை மறுக்கப்பட்டது.

‘தந்தையும் மகனும்’

அரசியல் சாராத படங்களைப் புனைபெயரில் வரைய மட்டும் பின்னர் இசைவு கிடைத்தது. தம் பெயரின் முதலெழுத்துகளோடு வளர்ந்த ஊரின் பெயரை இணைத்து ‘இ.ஓ.பிளாவன்’ என்று ஒப்பமிட்டார். இப்பெயரில் 1934 திசம்பர் முதல் 1937 திசம்பர் வரை பெர்லின் வார இதழொன்றில் வெளிவந்த ‘தந்தையும் மகனும்’ படத்தொடர் பெரும்புகழ் ஈட்டியது. தலைப்பு நீங்கலாகப் பெரும்பாலும் சொற்களற்ற படங்கள் இவை. ஒரு படத்தில், மகனின் வீட்டுப்பாடத்தைத் தந்தை எழுதித் தருகிறார்; உண்மையறிந்த ஆசிரியர் வீட்டிற்கே வந்து தந்தையை அடிக்கிறார். கீழ்ப்படிதலையே அறமாகப் போற்றிய ஆட்சியில், தண்டிக்கப்படும் தந்தையைக் காட்டும் இந்நகை கவனத்திற்குரியது. எனினும், இதனை வெளிப்படையான எதிர்ப்பாகக் கொள்வது மிகையாகும்.

முரணும் முடிவும்

1940 முதல் நாசிகளின் ‘தாஸ் ரைஷ்’ வார இதழில் நேச நாடுகளைத் தாக்கும் கேலிச்சித்திரங்களை ஓசர் வரைந்தார். ஆயின், தனியுரையாடல்களில் ஆட்சியை இகழ்வதை அவர் நிறுத்தவில்லை. அப்பேச்சைக் கேட்ட ஒருவர் காட்டிக்கொடுக்க, 1944 மார்ச்சு 28 அன்று ஓசரும் கினாஃபும் கைதாயினர். மக்கள் நீதிமன்ற விசாரணைக்கு முன்னரே, ஏப்ரல் 6 அன்று ஓசர் சிறையில் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். கினாஃப் மே 2 அன்று கொல்லப்பட்டார்.

முடிவுரை

ஓசரை ஆட்சி எதிர்ப்பாளர் என்றோ ஆட்சிக்குப் பணிந்தவர் என்றோ ஒரு சொல்லில் அடக்குவது பொருந்தாது. அடக்குமுறைக் காலப் படைப்பை ஆராய்வோர், படைப்பாளி வரைந்தவற்றோடு அவற்றை வரையச் செய்த சூழலையும், அச்சூழலில் அவரே தேர்ந்த வழியையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.