மட்டைக்கும் உண்டு கூலி!

வாடிப்பட்டிக்குக் கூட்டம் பேசச் சென்றிருந்தோம். மேளம் முழங்கி ஓய்ந்துவிட்டது. மேடை இன்னும் கட்டி முடியவில்லை. தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்த நம்மைச் சூழ்ந்து கொண்டனர் தோழர்கள். அவர்களில் ஒருவர், நெல் மூட்டை தூக்கும் தொழிலாளி, தோள் துண்டை உதறியபடி கேட்டார்:

"அண்ணே, டென்னிசுங்கிறது சீமான் வீட்டுப் பிள்ளைக ஆட்டம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. அதைப் பத்தி நம்ம பத்திரிகையில என்னத்துக்கு எழுதுறீங்க?"

சீமான் வீட்டு ஆட்டந்தான், மறுக்கவில்லை நாம். ஆனால் அந்த ஆட்டத்திலேயும் ஒரு கூலிப் போராட்டம் நடந்தது, தோழரே! அந்தக் கதையைத்தான் அன்று சொன்னோம்; இன்று எழுதுகிறோம்.

1968-க்கு முன்பு, இலண்டனில் உள்ள விம்பிள்டன் திடலில் பணம் வாங்காமல் ஆடுகிறவனுக்கு மட்டுமே இடம். ஆடிப் பிழைப்பவன் வாசற்படி மிதிக்கலாகாது! பாட்டன் சொத்தில் உண்பவன் பண்பாளன். பாடுபட்டுவிட்டுப் பணம் கேட்பவன் பண்பற்றவன்! எங்கோ கேட்ட குரலாக இல்லை?

ஆஸ்திரேலியாவின் ராடு லேவர் 1962-இல் உலகின் நான்கு பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார். வென்ற கையோடு, ஊதியத்துக்கு ஆட ஒப்பந்தம் செய்தார். அவ்வளவுதான், ஐந்தாண்டுக் கதவடைப்பு! நம் தென்காசி தந்த இராமநாதன் கிருஷ்ணன், 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் பெற்றவர், 1960-லும் 1961-லும் அங்கே அரையிறுதி வரை சென்றவர், அவருக்கும் வந்தது தொழில்முறை அழைப்பு. மறுத்தார். ஏற்றிருந்தால் டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆடும் உரிமை போயிருக்கும். உழைப்புக்கு விலை கேட்டால் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பு! அதுதான் அன்றைய சட்டம்.

1968-இல் கதவு திறந்தது. லேவர் திரும்பி வந்தார், விம்பிள்டனை வென்றார். மறு ஆண்டே நான்கையும் மீண்டும் அள்ளினார். திறந்த அந்தக் கதவு வழியே நுழைந்தவர்தான் சென்னை இளைஞர் விஜய் அமிர்தராஜ்.

1953 டிசம்பர் 14-இல் பிறந்தவர். நோஞ்சான் குழந்தை. நுரையீரல் நோய், பள்ளிக்கூடத்தைவிட மருத்துவமனைதான் அதிகப் பழக்கம். தாய் மேகி என்ன செய்தார்? மகனுக்குப் பதிலாகத் தாமே பள்ளிக்குச் சென்று, பாடங்களைக் குறித்துவந்து, படுக்கையருகே இருந்து சொல்லிக் கொடுத்தார். பெட்டி செய்யும் தொழிலையும் நடத்தினார். தந்தை இராபர்ட்டுக்கு இரயில்வேயில் வேலை. ஏழைக் குடிசை என்று சொல்லி உங்கள் கண்ணீரைப் பறிக்க மாட்டோம். வசதி இருந்தது. அந்த வசதியோடு அந்தத் தாயின் வைராக்கியமும் இருந்தது. பிள்ளைக்குக் காற்றும் வெயிலும் வேண்டுமென்று கையில் கொடுத்த மட்டை, பிழைப்பாயிற்று.

வந்தது 1973. வயது பத்தொன்பது. அமெரிக்காவின் பிரெட்டன்வுட்சில் இறுதியாட்டம். வீழ்ந்தவர் ஜிம்மி கானர்ஸ். அடுத்து அமெரிக்க ஓப்பன். எதிரே நின்றவர் யார்? அதே லேவர்! ஐந்து செட்டு நீண்ட ஆட்டம். வென்றவர் நம் பிள்ளை. லேவருக்கு அப்போது 35 வயது என்று முணுமுணுப்பார் உண்டு. இருக்கட்டுமே, கிழ யானையும் யானைதான்! மறு ஆண்டு அதே போட்டியில் சுவீடனின் போர்க்கும் தோற்றார்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்த 1973 விம்பிள்டனில், தடைசெய்யப்பட்ட சக வீரர் பிலிச்சுக்காக 81 ஆட்டக்காரர்கள் களம் இறங்க மறுத்தனர். வேலைநிறுத்தம் என்றே சொல்லலாம். விஜய் ஆடினார், காலிறுதி வரை சென்றார். சங்கம் கண்ட நம் நெஞ்சில் அது சற்றே உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் 1974 அந்த உறுத்தலை ஆற்றியது. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுடன் டேவிஸ் கோப்பை ஆட்டம். விஜயும் அண்ணன் ஆனந்தும் இணைந்து ஆடிய இரட்டையர் ஆட்டம் மட்டும் 99 கேம்கள்! வென்றது இந்தியா. பிறகு சோவியத்தையும் வென்றது. இறுதியாட்டம் யாருடன்? தென்னாப்பிரிக்காவுடன். கறுப்பனுக்கு ஒரு நாற்காலி, வெள்ளையனுக்கு ஒரு நாற்காலி என்று சட்டம் போட்டு மனிதனைப் பிரித்த ஆட்சி அது. ஆடமாட்டோம் என்றது இந்தியா. கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போயிற்று.

அரசு எடுத்த முடிவு, இழப்பு ஆட்டக்காரனுடையது. இருபது வயதில் எட்டிய தூரத்தில் நின்ற கோப்பை! 1987-இல்தான் இறுதிக்கு மீண்டும் வந்தார். சுவீடனிடம் 0-5 எனத் தோல்வி. அந்தக் கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. ஊதியத்துக்கு ஆடுபவனுக்கு மானம் இராது என்றார்களே அந்த இலண்டன் சீமான்கள், அவர்களுக்கு இதைவிட என்ன விடை வேண்டும்?

1985-இல் சென்னையில் பயிற்சிக்கூடம் ஒன்று தொடங்கினார், பிரிட்டானியா நிறுவனத்தின் துணையோடு. அங்கே பயின்ற லியாண்டர் பயஸ் 1990-இல் விம்பிள்டன் இளையோர் பட்டமும், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றார். 2024-இல் ஆசானும் மாணவனும் ஒரே ஆண்டில் உலக டென்னிஸ் புகழ் மன்றத்தில் இடம்பெற்றனர்.

மூட்டைத் தொழிலாளி முழுதும் கேட்டார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "எல்லாம் சரிண்ணே, என் மகன் தென்னை மட்டையில பந்தடிக்கிறான். நல்லாவே அடிக்கிறான். அவனை எங்க கொண்டுபோய் விடுறது?" என்றார்.

மேடையிலிருந்து நம் பெயரை அழைத்தார்கள். எழுந்து போனோம், அவர் கேள்வியையும் சுமந்துகொண்டு.