குழந்தைக்குச் சுண்டல் கொடுக்கலாமா?

நவராத்திரியில் ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலு வீட்டுக் கொலுவுக்குப் போனால் நாலு பொட்டலம் சுண்டல் கைக்கு வரும். இடுப்பில் இருக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளையும் கை நீட்டும். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் முழுசாக வேண்டாம். குழைய வெந்த கொண்டைக்கடலையைத் தோல் உரித்து, விரலால் நசுக்கிக் கொடுங்கள். சுண்டலில் கிடக்கும் தேங்காய்ப் பல்லை எடுத்துவிடுங்கள்.

“அதான் பல் முளைச்சிடுச்சே?” என்பீர்கள். முன்பல் கடிக்கத்தான், அரைக்கக் கடைவாய்ப் பல் வேண்டும். அது முழுசாக முளைக்க இரண்டரை, மூன்று வயது ஆகும். நன்றாக மென்று விழுங்கப் பழக இன்னும் ஒரு வருஷம். அதுவரை அரைபடாத கடலை மூச்சுக்குழாய்க்குள் (நுரையீரலுக்குக் காற்று போகும் வழி) நழுவலாம்.

வேறு எதில் கவனம் வேண்டும்? வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு. நாலு வயது வரை கடலையைப் பொடித்தே சேருங்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் அப்படியே இருந்து குழாயை மூடிவிடும்.

எப்படி ஊட்டுவது? உட்கார வைத்துத்தான். ஓடுகிற பிள்ளையைத் துரத்தித் துரத்தி ஊட்டாதீர்கள். அக்கா, அண்ணன் அன்பாக வாயில் எதையாவது போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு மட்டும்தானா? இல்லை. செட்டியார் பொம்மை முன்னால் பரப்பிய குட்டிக் காய்கறி, நாணயம், மணி, வெடித்த பலூன் துண்டு எல்லாமே ஆபத்துதான். விளையாட்டுச் சாமானுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அது அரித்துவிடும்.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? பலமாக இருமினால், அழுதால், காற்று போகிறது என்று அர்த்தம். இரும விடுங்கள். உச்சந்தலையில் தட்டுவதால் பலனில்லை. தண்ணீர் புகட்டாதீர்கள், கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

சத்தமே வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் உடனே தொடங்குங்கள்.

ஒரு வயதுக்குள்: முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலையைத் தாழ்த்துங்கள். இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். இந்த வயதில் வயிற்றை அழுத்தவே கூடாது.

ஒரு வயதுக்கு மேல்: முன்னால் குனிய வைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளே, மேல்நோக்கி 5 அழுத்து.

அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நினைவு தப்பினால் தரையில் கிடத்தி சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதும் முதலுதவி) தொடங்குங்கள்.

வெளியே வந்த பிறகும் டாக்டரிடம் போகணுமா? வயிற்றை அழுத்தியிருந்தால் கட்டாயம் போங்கள். இருமலோ இழுப்போ தங்கினாலும் போங்கள். ஒரு துணுக்கு உள்ளேயே தங்கியிருக்கலாம். வேர்க்கடலை பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் “கடலை சாப்பிடும்போது புரையேறியது” என்று நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிடக்கூடும்.