எதைத் தின்கிறது, எதை விடுகிறது

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை வழியாக ஊட்டிக்குப் போகிறவர்கள் பந்திப்பூர் வந்ததும் மானைத் தேடுவார்கள். மானை மறைத்து நிற்கிற உண்ணிச்செடியை யாரும் கவனிப்பதில்லை. ஓரிடத்தில் புல் நிலைக்குமா, புதர் மண்டுமா என்பதை மழையும் வெயிலும் மட்டும் தீர்மானிப்பதில்லை. மேய வரும் விலங்கின் நாக்குக்கும் அதில் பங்கு உண்டு.

வடதுருவப் பகுதியில் இது தெளிவாகத் தெரிந்தது. 1979-க்குப் பிறகு அங்கே வெப்பம் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஏறியிருக்கிறது. குளிருக்கு அடங்கித் தரையோடு கிடந்த குட்டைப் பிர்ச், வில்லோ புதர்கள் நிமிர்கின்றன. பனிக்கு மேலே தலைநீட்டும் கரும்புதர் வெயிலை உறிஞ்சுவதால் சூடு இன்னும் கூடுகிறது. மேற்குக் கிரீன்லாந்தில் ஆய்வாளர்கள் எரிக் போஸ்டும் கிறிஸ்டியன் பெடர்சனும் சில இடங்களைச் செயற்கையாகச் சூடாக்கினார்கள். சிலவற்றுக்கு வேலி போட்டார்கள். 2008-இல் முடிவு வெளியானது: விலங்கு புகாத இடத்தில் சூடு பட்டதும் புதர் பெருகியது. கரிபூ மானும் கஸ்தூரி எருதும் மேய்ந்த இடத்தில் அந்தப் பெருக்கம் வெகுவாக மட்டுப்பட்டது.

அப்படியானால் பந்திப்பூரில் இத்தனை மானும் காட்டெருதும் யானையும் இருந்தும் புதர் ஏன் அடங்கவில்லை? உண்ணிச்செடியின் இலையில் நஞ்சு இருக்கிறது. பசியில் அதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் புண்ணாகும். அதனால் மான் அதை ஒதுக்கிவிட்டுச் சுற்றியுள்ள புல்லைத் தின்கிறது. புதருக்குப் போட்டியாக இருந்ததை மானே அகற்றிக் கொடுக்கிறது. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புகின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி இது. வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்கென்று கொண்டுவந்தது. இந்தியாவின் புலிக்காடுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இது பரவியிருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

உண்ணி பெருகியதற்கு, பிளிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகப் பழங்குடியினர் வேறொரு காரணமும் சொல்வார்கள். முன்பெல்லாம் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள்; 1974-இல் அந்த மலை சரணாலயமான பிறகு அந்த வழக்கம் நின்றது, உண்ணி ஏறியது என்பது அவர்கள் கணிப்பு. தலைமுறைகளாகக் காட்டைப் பார்த்தவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

உண்ணியை ஒழிக்க மேலோடு வெட்டினால் போதாது, அது மறுபடி தழைக்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அங்கே புல் வேர்பிடிக்கும்வரை மேய்ச்சலைத் தடுப்பதும் அவசியம். இளம்புல்லை மான் கரம்பிவிட்டால் வெற்று மண்ணில் மறுபடி உண்ணியே முளைக்கும்.